இசையில் பட்டப்படிப்பு: வந்த கடிதங்களும் என் பதில்களும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இசைப் படிப்பு பற்றிக் கேட்டுக் கடிதங்கள் குவிந்துவிட்டன. முடிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: காமர்ஸ் குரூப் படித்தேன். இசையில் பட்டம் படிக்கலாமா? (விருத்தாசலம்)

பதில்: தாராளமாக. என்ன குரூப் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வர்ணம் என்ற பாட்டை இரண்டு காலத்தில், அதாவது இரண்டு வேகத்தில், பாடு என்பார்கள்.

கேள்வி: பி.ஏ., பி.மியூசிக், பி.எஃப்.ஏ., பி.பி.ஏ. என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது உசத்தி? (நாகர்கோவில்)

பதில்: பெயரில் உசத்தி, தாழ்த்தி கிடையாது. சென்னை ராணி மேரிக் கல்லூரி மாதிரி பொதுக் கல்லூரியில் பி.ஏ. இசை சேர்ந்தால், மற்ற பி.ஏ. பிள்ளைகளைப் போலவே தமிழும் ஆங்கிலமும் எழுதியாக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து 70 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி இருக்கிறது. அங்கே பி.பி.ஏ. என்றால் நிகழ்த்துகலை. வேறு கல்லூரிகளின் வியாபார நிர்வாகப் படிப்பும் (BBA) தமிழில் அதே எழுத்துதான், விண்ணப்பத்தில் BPA என்று பார்த்து டிக் செய்யுங்கள். பாடத்திட்டத்தை வாங்கி, செய்முறைத் தாள் எத்தனை, எழுத்துத் தாள் எத்தனை என்று எண்ணுங்கள். மேடைதான் குறி என்றால் செய்முறை அதிகமுள்ள பக்கம் போங்கள். அப்புறம், சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை விழும் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் பியானோ தேர்வில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டேன். டிகிரிக்குச் சமம்தானே? (கோவை)

பதில்: இல்லை. பிரிட்டிஷ் கணக்கிலேயே அது ஏறக்குறைய நம் ப்ளஸ் டூ மட்டம்தான். சேர்க்கைக்கு உதவும், பட்டம் ஆகாது.

கேள்வி: மகன் மார்க் 52.83 சதவீதம். வேறு எதிலும் இடம் கிடைக்காது போல. மியூசிக்காவது சேர்த்துவிடலாமா? ஈஸிதானே? (சேலம், ஓர் அப்பா)

பதில்: மியூசிக்‘காவது’! இந்த ‘ஆவது’ வருடா வருடம் எனக்கு வந்துவிடுகிறது. மார்க்கைத் தசமப் புள்ளி வரை எழுதிய நீங்கள், பையன் என்ன பாடுகிறான், யாரிடம் கற்கிறான் என்று ஒரு வரி எழுதவில்லை. கற்கிறானா என்பதே தெரியவில்லை.

ஈஸியா என்று கேட்டீர்களே, சொல்கிறேன். 35 தாளம், 72 மேளகர்த்தா என்ற தாய் ராகங்கள், ஒவ்வொன்றின் எண்ணையும் பெயரின் எழுத்துகளிலிருந்து கண்டுபிடிக்கக் கடபயாதி என்ற முறை. வேங்கடமகி எழுதிய சதுர்தண்டி பிரகாசிகை என்ற பழைய இசை நூல் ஒரு பக்கம், ஆடல் பாடல் இலக்கணம் சொல்லும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இன்னொரு பக்கம். 22 சுருதிக் கணக்கு முழுக்கப் பின்னம். ‘ஸ’ என்ற ஸட்ஜத்தின் அதிர்வெண்ணைப் போல ‘ப’ என்ற பஞ்சமம் 3/2 மடங்கு என்று ஆரம்பிக்கும்போதே பாதிப் பேர் முழிப்பார்கள். இதெல்லாம் எழுத்துத் தாள். செய்முறையில் நாற்பது, ஐம்பது உருப்படி பாடமாக வேண்டும். ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையும், ஸ்வரங்களைக் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரமும் அந்த நிமிடத்தில் தானாக வர வேண்டும், மனப்பாடம் உதவாது.

சேர்க்கைத் தேர்வு மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பையன் சினிமாப் பாட்டு ஒன்றை நன்றாகவே பாடினான். ஆதி தாளம் போடச் சொன்னோம், இரண்டாவது ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் இரண்டாவது சுற்றில், கை நின்றுவிட்டது. ஏன் வந்தாய் என்றால், “அப்பா சொன்னார்” என்றான். அவனை விடக் குறைந்த மார்க்கோடு ஒரு பெண் வந்தாள். பத்து வருடப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டோம். ஆக, மார்க் குறைவு ஒரு குற்றமே இல்லை. ஆனால் 1949-இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய சென்னை அரசு இசைக் கல்லூரி, வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்காகத் திறந்த சத்திரமும் இல்லை. முதலில் ஒரு நல்ல வாத்தியாரிடம் ஆறு மாதம் அனுப்புங்கள். யாரும் எழுப்பாமல் விடியற்காலையில் எழுந்து அகாரசாதகம் (‘ஆ’ என்று பாடிக் குரலைப் பழக்கும் பயிற்சி) செய்கிறானா என்று பாருங்கள். செய்தால் எனக்கு எழுதுங்கள், எந்தக் கல்லூரி என்று பேசுவோம்.

கேள்வி: பி.இ. இரண்டாம் வருடம். கூடவே இசையிலும் பட்டம் படிக்க முடியுமா? (திருச்சி)

பதில்: யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் அனுமதித்துவிட்டது. இரண்டும் நேரில் போகும் படிப்பு என்றால் வகுப்பு நேரம் மோதக்கூடாது. இரண்டு கல்லூரியிலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். சாதகத்துக்கு நேரம் எங்கே என்பதை யு.ஜி.சி. சொல்லாது.

கேள்வி: மகன் நாகசுரம் கற்க ஆசைப்படுகிறான். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். (திருவாரூர், ஒரு தாய்)

பதில்: கவலை வேண்டாம் அம்மா. மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாகசுரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மூன்று வருடம், முடிவில் சான்றிதழ். அது பட்டம் இல்லை. பட்டமும் வேண்டுமென்றால் விட்ட பள்ளிப் படிப்பைத் தனித்தேர்வராக எழுதி முடிக்கட்டும், பிறகு திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் விசாரியுங்கள்.

கேள்வி: வட இலங்கை சங்கீத சபையின் இசைத் தேர்வுச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். நேரே பல்கலைக்கழகம் போகலாமா? (சுன்னாகம்)

பதில்: அது மட்டும் போதாது. உயர்தரப் பரீட்சை (இலங்கையின் ப்ளஸ் டூ) எழுதி, இசைத் திறன் பார்க்கும் உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை உங்களுக்குப் பக்கத்தில் மருதனார்மடத்திலேயே இருக்கிறது. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் பெயரில் உள்ள நிறுவகத்தையும் பாருங்கள்.

கேள்வி: பாட வராது. ரெக்கார்டிங், மிக்ஸிங்கில் ஆசை. (மதுரை)

பதில்: தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கு நான்கு வருடப் பட்டம் உண்டு. விருத்தாசலத்துக்காரருக்குச் சொன்னது இங்கே செல்லாது, ப்ளஸ் டூவில் என்ன பாடம் என்று பார்ப்பார்கள். தனியார் ஸ்டூடியோக்காரர்கள் ஆறு மாதத்தில் ‘டிப்ளமா’ தருவார்கள். முத்திரை யாருடையது? கேளுங்கள்.

கேள்வி: மியூசிக்குக்கு எந்தக் காலேஜ் பெஸ்ட்? அவசரம். (ஊர் இல்லை)

பதில்: வாய்ப்பாட்டா, வீணையா, மிருதங்கமா? எத்தனை வருடப் பாடம்? எந்த ஊர்? ஹாஸ்டல் வேண்டுமா? எதுவுமே இல்லை. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.