பஸ் ஏன் குதிக்குது?

போன வாரம் திண்டுக்கல்லில் இருந்து அப்பா, அம்மா, மகள், கூடவே ஒரு சித்தப்பா, பொறியியல் சேர்க்கைக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ - டேட்டா சயின்ஸ் சீட் பேசியாயிற்றாம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதுதான் பாக்கி. பெரியவர்கள் பேசி ஓய்ந்தபோது, போனில் பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்த மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "சார், ரோட்டுல பஸ் ஒழுங்காத்தானே வருது, மேப்ல மட்டும் ஏன் குதிக்குது?"

கலங்காதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். பத்திரப் பேச்சு வந்ததும் ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டு இப்படிச் சொன்னேன். சார், பத்திரத்தைத் தொடாதீர்கள். சித்தப்பா பையன் பெங்களூரில் ஏஐ-யில் இருக்கிறான் என்றால் அது அவன் ஜாதகம்.

உங்கள் மகள் கேட்டது, நகரும் பொருட்களுக்கான தரவுத்தளம் (டேட்டாபேஸ்) என்ற துறையின் அடிப்படைக் கேள்வி. ஒரு வண்டி 10 விநாடிக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தை அனுப்பினால் ஒரு நாளைக்கு 8,640 பதிவு. ஆயிரம் வண்டிக்கு 86 லட்சத்துக்கு மேல். இத்தனையும் எழுதினாலும், எழுதி முடிக்கும்போது வண்டி அடுத்த தெருவில் இருக்கும். அதனால் இடத்தோடு வேகத்தையும் திசையையும் சேர்த்து வைப்பார்கள். 'இப்போது எங்கே?' என்றால் தரவுத்தளமே கணக்குப் போட்டுச் சொல்லும். கணக்கில் இருந்து வண்டி நூறு மீட்டர் விலகினால் மட்டும் புதுத் தகவல் அனுப்பினால் போதும். அப்படித் திருத்தும்போது படத்தில் பஸ் குதிக்கலாம். கடை, கோயில் போல நகராதவற்றைத் தேட 1984-இலேயே ஆர்-ட்ரீ என்ற தேடல் அட்டவணை முறை வந்துவிட்டது. ஓடும் வண்டிக்கு அது போதவில்லை. வேகத்தையும் கணக்கில் எடுக்கும் அதன் வாரிசு, டிபிஆர்-ட்ரீ, 2000-இல் வந்தது. பக்கத்தில் நிற்கும் ஆம்புலன்ஸ் வேறு, ஐந்து நிமிடத்தில் பக்கத்தில் வரப்போகும் ஆம்புலன்ஸ் வேறு இல்லையா?

இதற்குப் பக்கத்துப் படிப்பு கிண்டி பொறியியல் கல்லூரியில் இருக்கிறது: பி.இ. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், அதாவது வரைபடம், இடம் சார்ந்த தகவல்களைக் கணினியில் கையாளும் படிப்பு. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. அரசுக் கட்டணம். அங்கே கணினி அறிவியலுக்கு வேண்டிய கட்-ஆஃப் இதற்கு வழக்கமாகத் தேவைப்படாது. பெயர் புரியாததால் பலர் சாய்ஸ் ஃபில்லிங்கில் தாண்டிப் போகிறார்கள். ஒன்றை மறைக்கக் கூடாது: தரவுத்தளப் பாடத்தை அவள் கூடுதலாகத் தானே படித்தாக வேண்டும்.

கலந்தாய்வுக்குள் ஒரு சோதனை வையுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள், அதில் இடத் தகவலைச் சேர்க்கும் போஸ்ட்ஜிஐஎஸ், நகர்வைச் சேர்க்கும் மொபிலிட்டிடிபி மூன்றும் இலவசம். பஸ் பயணம் ஒன்றைப் போனில் ஜிபிஎஸ் தடமாகப் பதிந்து, வீட்டு லேப்டாப்பில் ஏற்றிப் பார்க்கட்டும். இரண்டு நாளில் அலுத்துவிட்டால் என்னிடம் வாருங்கள், வேறு பேசலாம். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.