ப்ரோக்கோலி எப்போது மரமாகும்?

கேள்வி: ப்ரோக்கோலியைக் காடு மாதிரி நிறுத்தி, நடுவே 2 செ.மீ. உயர மனிதப் பொம்மை ஒன்றை வைத்து போனில் படம் எடுத்தேன். எத்தனை தடவை எடுத்தாலும் தட்டில் வைத்த காய்கறியாகவே தெரிகிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?

பதில்: கேமராவை விடுங்கள், முதலில் போனைக் கீழே இறக்குங்கள். நின்றபடியே மேலிருந்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காட்டுக்குள் நடப்பவனுக்கு மரங்கள் தலைக்கு மேலே அல்லவா தெரியும்? போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் மேசையை ஒட்டி வந்துவிடும். பொம்மையின் கண் உயரம் அதுதான்.

அடுத்தது மங்கல். மிக நெருங்கி எடுத்தால் முன்னும் பின்னும் மங்கிப்போகும். நிஜக் காட்டைத் தள்ளி நின்று எடுக்கும்போது அப்படி ஆவதில்லை. அதனால் மங்கலைக் கண்டதுமே 'இது சின்னப் பொருள்' என்று நம் கண் கண்டுபிடித்துவிடுகிறது. போனைச் சற்றுப் பின்னால் தள்ளி எடுத்து, அப்புறம் ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். பெரிய கிளைகள் முன்னால், பொடிக் கிளைகள் பின்னால் இருக்கட்டும். ஒரு சாண் மேசை நீண்ட காடாகிவிடும். வெளிச்சம் ஒரே பக்கத்து ஜன்னலிலிருந்து வந்தால் போதும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தண்ணீர் தெளிக்காதீர்கள். ஒரு முறை காலை முழுக்க உட்கார்ந்து காடு கட்டினேன். பச்சை பளிச்சென்று இருக்கட்டுமே என்று கடைசியில் தெளித்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், விறகுவெட்டிப் பொம்மையின் தோளுக்குப் பக்கத்தில் அவன் தலையளவு ஒரு துளி! காட்சியை எவ்வளவு சிறிதாகக் கட்டினாலும், பரப்பு இழுவிசையால் திரளும் நீர்த்துளி அதற்கேற்பச் சிறுத்துவிடாது. அந்த ஒரு துளி மொத்தக் காட்டையும் காட்டிக்கொடுத்துவிட்டது. துடைக்கப் போனதில் மரங்கள் சாய்ந்தன. அன்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

கேள்வி: இலைகளைச் சேர்த்தால் எடுத்து முடிப்பதற்குள் வாடிவிடுகின்றனவே?

பதில்: உணவாலேயே நிலக்காட்சிகள் அமைக்கும் பிரிட்டன் புகைப்படக் கலைஞர் கார்ல் வார்னருக்கும் விளக்குச் சூட்டில் இதே தொல்லை உண்டு. அவர் காட்சியை அடுக்கடுக்காகத் தனித்தனியே படமெடுத்து, பிறகு ஒன்றாக்குகிறார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். இலையை ஐஸ் தண்ணீரிலேயே விட்டுவையுங்கள். அதன் இடத்தில் ஒரு காகிதத் துண்டை நிறுத்தி கோணம், வெளிச்சம், பொம்மையின் நிழல் எல்லாவற்றையும் சரிபாருங்கள். எல்லாம் அமைந்த பிறகு இலையை எடுத்து, ஈரம் போகத் துணியில் ஒற்றி, காகிதம் இருந்த இடத்தில் வைத்து உடனே எடுத்துவிடுங்கள்.