போன் இருக்கும்போது தனியாக எம்பி3 பிளேயர் வாங்குவது வீணா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் மாமனாருக்குப் பாட்டு கேட்கச் சின்னதாக ஒரு பிளேயர் வாங்கலாமா, இல்லை இருக்கிற போனே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கிக் கொடுங்கள். நான் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். அப்பா ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்று, அங்கேயே தங்கிவிட்டார். ஆறு வருஷமாக அவருக்குப் பிளேயர் வாங்குவதும் பாட்டு ஏற்றுவதும் என் பொறுப்பு. அதில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

போன் ஏன் சரிப்படவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டில் நின்றால் சிக்னல் இருக்கும், நாலு அடி சரிவில் இறங்கினால் போய்விடும். அதனால் ஆன்லைனில் கேட்பது நடக்காது. சரி, போனிலேயே பாட்டை வைத்துக் கேட்கலாம் என்று பார்த்தால் சார்ஜ் இறங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாத இடத்தில், இருக்கிற சார்ஜைப் பாட்டுக்குச் செலவழிக்க அப்பாவுக்கு மனசு வராது. அவசரத்துக்குப் பேச முடியாமல் போய்விடும் என்ற பயம். அது நியாயமான பயம்தான். அப்புறம், பனியில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை கேட்பதே இல்லை.

முதலில் நான் வாங்கியது திரை இல்லாத, சட்டையில் மாட்டிக்கொள்ளும் குட்டிப் பிளேயர். 2006-ல் ஆப்பிள் வெளியிட்ட, கிளிப் வைத்த இரண்டாம் தலைமுறை ஐபாட் ஷஃபிள் போல, சில நூறு ரூபாய்க்குக் கடைகளில் நிறையக் கிடைக்கிற வகை. அப்பாவால் அதை ஒரு வாரம்கூடப் பயன்படுத்த முடியவில்லை. காரணம் பட்டன். ஒரே பட்டனைச் சட்டென்று அமுக்கினால் அடுத்த பாட்டு, அமுக்கியே பிடித்தால் சத்தம் கூடும். எழுபது வயதுக்காரரின் விரல் அவ்வளவு கணக்காக வேலை செய்யாது. சத்தத்தைக் கூட்டப் போய், ரசித்துக்கொண்டிருந்த பாட்டைத் தாண்டிவிடுவார். திரும்பப் பின்னால் போக முயன்றால் அதற்கும் முந்தைய பாட்டுக்குப் போய்விடும். "கண்ணு, இது என் பேச்சைக் கேக்கமாட்டேங்குது" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதனால் மெமரி எவ்வளவு, சவுண்டு எப்படி என்று கேட்பதற்கு முன்னால் பட்டனைப் பாருங்கள். கடையிலேயே பிளேயரைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு நிறுத்திப் பாருங்கள், ஓடவிட்டுப் பாருங்கள், சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சத்தத்துக்குத் தனிப் பட்டன் இருக்க வேண்டும். தடவினால் எது எது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். பையில் கிடக்கும்போது தானாக அமுங்காமல் இருக்கப் பூட்டும் வசதி வேண்டும். ஷான்லிங் எம்0 போன்ற தொடுதிரைப் பிளேயர்கள் தீப்பெட்டி அளவில் அருமையாக இருக்கும். ஒலித் தரம் முக்கியம் என்று நினைக்கும் இளவட்டங்களுக்கு அவை சரி. கையில் களைக்கொத்தோடு நிற்பவருக்கு ஆகாது.

அடுத்தது, விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி. சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. அப்பாவுக்குத் தெருக்கூத்து என்றால் உயிர். அவர் பிறந்த ஊரில் விடிய விடிய நடந்த கூத்துகளின் ஒலிப்பதிவு ஒன்றொன்றும் ஒன்றரை மணி நேரம் ஓடும். ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு அணைத்து, மறுநாள் போட்டால் மறுபடி கட்டியங்காரன் வந்து முதலிலிருந்து ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? சில பிளேயர்கள் பாட்டை மறந்துவிட்டு முதல் ஃபைலுக்கே போய்விடும். சில, ஃபைலை நினைவில் வைத்து இடத்தை மறந்துவிடும். கடையில் ஒரு பாட்டை நடுவில் நிறுத்தி, அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். சான்டிஸ்க் கம்பெனியின் கிளிப் வரிசைப் பிளேயர்களில் ஆடியோபுக், பாட்காஸ்ட் என்று தனி ஃபோல்டர்கள் உண்டு. நீளமான பதிவுகளை அதில் போட்டால் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். இந்த வசதி இல்லாத பிளேயர் ஏற்கெனவே கையில் இருந்தால், நீளமான பதிவைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி ஏற்றிவிடுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம்.

மெமரி விஷயத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆசைப்பட்டு வாங்காதீர்கள். ஒரு நொடி ஒலியைப் பதிய எத்தனை கிலோபிட் செலவாகிறது என்பதுதான் கேபிபிஎஸ். 192 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 1.4 எம்பி (மெகாபைட்) இடம் வேண்டும். ஐந்து நிமிடப் பாட்டு ஏழு எம்பி சொச்சம். 8 ஜிபியில் ஆயிரத்துக்கு மேல் அடங்கும். 32 ஜிபி கார்டு என்றால் நாலாயிரத்துக்கும் மேல். தினமும் இரண்டு மணி நேரம் கேட்டாலும் கேட்ட பாட்டு திரும்ப வர ஆறு மாசம் ஆகும். இன்னொரு காரணமும் உண்டு. கார்டில் ஃபைல்களை அடுக்கிவைக்க ஒரு முறை உண்டு, 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 என்ற முறையில் வருகின்றன. அதற்கு மேல் போனால் எக்ஸ்ஃபேட். மலிவான பிளேயர்கள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது, கார்டே இல்லை என்று சொல்லிவிடும்.

கார்டு வாங்கும்போது கவனம். ஒரு தடவை 64 ஜிபி என்று மலிவாகக் கிடைத்த கார்டை வாங்கி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து பாட்டு ஏற்றி மலைக்கு அனுப்பினேன். பெயரெல்லாம் வரிசையாகத் தெரிகிறது, முதல் சில நூறு பாட்டுக்கு மேல் எதுவுமே பாடவில்லை. உள்ளே இருக்கும் சிப் உண்மையில் சிறியது. கம்ப்யூட்டரிடம் மட்டும் பெரிய அளவைச் சொல்லும்படி மாற்றியிருக்கிறார்கள். இடம் தீர்ந்தபின் எழுதியதெல்லாம் காற்றில் போகிறது. இப்போது எந்தக் கார்டு வாங்கினாலும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் முழுக்கச் சோதித்த பிறகுதான் பாட்டு ஏற்றுகிறேன். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 இருக்கிறது.

பாட்டு ஏற்றுவதுதான் நிஜமான வேலை, அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. பிளேயரை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் பெரியவர்கள் தாங்களே ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். முன்பு கேசட் பதியும் கடைக்குப் போய், தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் என்று கணக்குப் பார்த்துப் பதிந்து வாங்கிய தலைமுறை அது. அப்பா இன்னமும் அப்படித்தான் லிஸ்ட் எழுதித் தருகிறார். நான் அந்தக் கடைக்காரர் இடத்தில் இருக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் மாமனாரிடமும் எழுதி வாங்குங்கள். அவருக்குப் பிடிக்கும் என்று நாமாக நினைத்து ஏற்றுவது பாதி பொருந்தாது.

ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் போன்ற ஆப்களில் டவுன்லோட் செய்த பாட்டை இதில் போட முடியாது. அவை பூட்டிய ஃபைல்கள், அந்த ஆப்பில் மட்டும்தான் பாடும். வீட்டில் இருக்கும் சிடிகளை எம்பி3 ஆக மாற்றுங்கள், காசு கொடுத்து ஃபைலாக வாங்கியதைப் போடுங்கள். சிடியிலிருந்து அப்படியே எடுத்தால் நிமிடத்துக்குப் பத்து எம்பி பிடிக்கும். எம்பி3 அதைச் சுருக்கும்போது, காதுக்குக் கேட்காது என்று கணக்கிடும் பகுதிகளைத் துல்லியம் குறைத்துப் பதிகிறது. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் போதும், சினிமாப் பாட்டுக்கு 192 போதும். நாதஸ்வரக் கச்சேரிக்கு மட்டும் 256 வையுங்கள். எம்பி3 ஒலியைச் சுமார் 26 மில்லிசெகண்டுத் துண்டுகளாக எடுத்துச் சுருக்குகிறது. தரத்தைக் குறைத்தால் தவில் அடி விழுவதற்கு ஒரு துளிப் பொழுது முன்னாலேயே ஒரு மங்கலான இரைச்சல் பரவும், அடியின் கூர்மை போய்விடும். கைத்தாளத்தின் கணீர் ஓசை தண்ணீரில் முக்கியது போல சலசலக்கும். அப்பாவுக்குக் கேபிபிஎஸ் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் 96-ல் ஏற்றிய நாதஸ்வர மல்லாரியைக் கேட்டுவிட்டு, "தவுலு ஏன் சொதசொதன்னு இருக்குது?" என்று சரியாகக் கேட்டார்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து செய்யுங்கள். தோட்டத்தில் நடக்கும்போது ஒரு காதில் மட்டும்தான் இயர்போன் இருக்க வேண்டும். ஏற்காட்டில் காட்டெருமை நடமாட்டம் உண்டு, அது காபிச் செடிக்குள் நின்றால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும். பின்னால் வரும் ஜீப்பும் அப்படித்தான். ஆனால் ஸ்டீரியோ பாட்டை ஒரு காதில் கேட்டால் பாதி வாத்தியம் காணாமல் போகும். சில பழைய பதிவுகளில் குரல் ஒரு பக்கமும் வயலின் இன்னொரு பக்கமும் இருக்கும். அதனால் அப்பாவுக்கு ஏற்றும் எல்லாவற்றையும் மோனோவாக மாற்றிவிடுகிறேன். இரண்டு பக்க ஒலியும் ஒன்றாகக் கலந்து வரும், ஒரு காதிலேயே முழுப் பாட்டும் கேட்கும். மோனோவுக்குக் கேபிபிஎஸ்ஸைப் பாதியாக வைத்தாலே அதே தரம் வரும், பாதி இடம் மிச்சமாவது கூடுதல் லாபம். ஒரு காது மந்தமான பெரியவர்களுக்கும் இதுவே நல்லது. முடிந்தவரை சிடியிலிருந்தே மோனோவாக எடுங்கள். எம்பி3-ஐ மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் குறையும்.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வயது வந்தவர்களுக்கு வைத்திருக்கும் உச்ச அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். பழைய பதிவு மெதுவாகவும் புதுப் பாட்டு அலறலாகவும் மாறி மாறி வந்தால், மெதுவானதற்காகக் கூட்டிய சத்தத்தில் அடுத்தது காதைக் கிழிக்கும். எம்பி3கெயின் என்ற மென்பொருள் பாட்டின் தரத்தைத் தொடாமல் எல்லாவற்றின் சத்தத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

வரிசையும் ஒரு தலைவலி. மலிவான பிளேயர்கள் பல அகர வரிசையைப் பார்ப்பதில்லை, கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். ஃபைல் பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போட்டு, கார்டைச் சுத்தமாக அழித்து, எண் வரிசையிலேயே ஏற்றினால் சரியாக வரும். தமிழில் பெயர் வைத்தால் பல பிளேயர்களின் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும், அதற்கும் எண்தான் வழி. ஒரு நோட்டில் எண்ணுக்கு நேராகப் பாட்டின் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்பா அதைப் பஞ்சாங்கத்தோடு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.

இயர்போனுக்கு 3.5 மில்லிமீட்டர் துளை உள்ளதையே வாங்குங்கள். புளூடூத் வைத்தால் இரண்டு பொருளைச் சார்ஜ் செய்ய வேண்டும், பிளேயரின் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். எஃப்எம் கேட்பதென்றால் ஒயர்தான் ஏரியல், அது இல்லாமல் பெரும்பாலும் எடுக்காது. மலிவான டைப்-சி பிளேயர்களில் சில, இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள ஒயரில் சார்ஜ் ஏறாது. பழுதென்று நினைத்துத் தூக்கிப்போடாதீர்கள், ஒரு பக்கம் பழைய பெரிய யுஎஸ்பி முனை உள்ள ஒயரைப் போட்டுப் பாருங்கள். பல மாதம் தொடாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள், முழுக்க இறங்கிய நிலையில் கிடந்தால் லித்தியம் பேட்டரி செத்துவிடும்.

சரிகம காரவான் வாங்கலாமே என்று சொல்வார்கள். 5,000 பாட்டு உள்ளேயே இருக்கும் நல்ல பெட்டி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்க ஏற்றது. சட்டைப் பையில் அது போகாது.

அப்பாவிடம் இப்போது இருப்பது சான்டிஸ்க் கிளிப் ஜாம். குட்டித் திரை, 8 ஜிபி, கார்டு துளை, பின்னால் கிளிப். கம்பெனி 18 மணி நேரம் என்கிறது, அப்பாவுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை சார்ஜ் போட்டால் போதுமாக இருக்கிறது. அது கிடைக்கவில்லை என்றால் மேலே சொன்ன பட்டன் சோதனையிலும் நிறுத்திப் போடும் சோதனையிலும் தேறிய எதுவானாலும் வாங்குங்கள். கூடவே 32 ஜிபி கார்டு இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று உங்களிடம். அடுத்த தடவை மலை ஏறும்போது புது லிஸ்ட்டை ஏற்றிக் கொண்டுபோய் மாற்றிக்கொடுத்துவிட்டு, பழைய கார்டை வாங்கி வந்துவிடலாம். நான் இரண்டு கார்டிலும் நகப்பாலிஷால் ஒன்று, இரண்டு என்று புள்ளி வைத்திருக்கிறேன். இந்த மாதம் இரண்டு புள்ளிக் கார்டின் முறை. காபிப் பழம் எடுக்கும் காலம் தொடங்குவதற்குள் மூன்று கூத்துப் பதிவுகளை வெட்டி முடிக்க வேண்டும்.