முதுகில் கிடக்கும் துண்டைப் படிவத்தில் எழுத வேண்டுமா?

தம்பி, சூரிச்சுக்கு வந்து ஐந்து வாரம் என்கிறீர்கள். தெரிந்த முகவர் ஒருவர் மருத்துவக் காப்புறுதிப் படிவத்தோடு வந்து, உடம்பில் உள்ள எல்லா வருத்தத்தையும் எழுதச் சொன்னாராம். 2009இல் பட்ட ஷெல் துண்டு முதுகில் கிடக்கிறது. எழுதினால் காப்புறுதி மறுப்பார்களா, முதலாளிக்கும் குடிவரவு அலுவலகத்துக்கும் தெரியவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடுமுறைக்குச் சுவிஸிலிருந்து இலங்கைக்கு, விசுவமடுவுக்கு வந்திருக்கிறேன். நேற்று அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மேசையில் அடுக்கியிருந்த கொப்பிகளில் ஒன்றை எடுத்து, பெயரைக் கூப்பிட்டு, "சீனி வருத்தம்தானே?" என்று உரக்கக் கேட்டார்கள். வாங்கில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். இதற்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். முகாமில் இருந்தபோதும் நீட்டிய படிவத்தையெல்லாம் நிரப்பிக் கொடுத்தோம். யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்று திருப்பிக் கேட்க முடியவில்லை. சுவிஸில் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

அங்கே காப்புறுதி இரண்டு வகை. அடிப்படைக் காப்புறுதி 1996 முதல் எல்லோருக்கும் கட்டாயம். வந்து மூன்று மாதத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும். அதில் எந்த நிறுவனமும் உங்களை மறுக்க முடியாது, துண்டு இருப்பதால் கட்டணம் ஒரு சதமும் கூடாது. வருத்தம் பற்றிய கேள்விக்கே அதில் இடமில்லை. மற்றது, விரும்பினால் மட்டும் சேரும் மேலதிகக் காப்புறுதி. முகவர் கொண்டுவந்தது அதன் படிவமாகத்தான் இருக்கும். அதில் அவர்கள் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். உண்மையை மறைத்துக் கையெழுத்திட்டால் பின்னர் ஒப்பந்தத்தையே முறித்துவிடுவார்கள். ஆகையால் பொய் எழுத வேண்டாம். அந்தப் படிவத்தை அப்படியே திருப்பிக் கொடுங்கள். முதல் வருடம் நானும் இரண்டையும் ஒன்றென்று நம்பி, என் வருத்தம் முழுவதையும் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு முகவருக்குச் சொன்னேன். அந்த மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை.

முதலாளிக்குப் போகும் மருத்துவச் சான்றிதழில் எத்தனை நாள், எத்தனை வீதம் வேலை செய்ய முடியாது என்று மட்டுமே இருக்கும். வருத்தத்தின் பெயர் இராது. மருத்துவர் வாய்திறந்தால் அது குற்றவியல் சட்டத்தின் 321ஆம் பிரிவின்படி குற்றம். காப்புறுதி நிறுவனத்தையும் இரகசியக் கடமை கட்டுப்படுத்துகிறது. சட்டம் வெளிப்படையாக அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் உங்கள் விவரத்தைக் கொடுக்க அதற்கு உரிமையில்லை. நிறுவனம் விரிவான அறிக்கை கேட்டால், அதை அந்த நிறுவனத்தின் 'ஃபெர்ட்ராவன்ஸ்ஆர்ஸ்ட்' (நம்பிக்கை மருத்துவர்) என்னும் மருத்துவருக்கு மட்டும் அனுப்பும்படி உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அலுவலகத்தில் உள்ளவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய கடிதம் அல்ல அது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டால், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

மொழிபெயர்க்க அந்த முகவரைக் கூட்டிப்போகாதீர்கள். இரகசியம் காக்கும் கடமையுள்ள மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனையிடமே கேளுங்கள்.

ஆனால் துண்டு கிடக்கும் இடத்தை மருத்துவரிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெருங்காந்தம், இரும்பு உள்ளே இருப்பது தெரியாமல் உங்களை அதற்குள் அனுப்பிவிடக் கூடாது.