கிரியேட்டினின் சரியாக இருப்பது கட்டியைப் பற்றி எதுவும் சொல்லாது

அப்பாவின் சிறுநீரகத்தில் 3 செ.மீ. கட்டி, கிரியேட்டினின் நார்மல், ஸ்கேன் இல்லாமல் ரத்தப் பரிசோதனையிலேயே புற்றுநோயா என்று தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது. புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை மாதிரி சிறுநீரகப் புற்றுநோய்க்கு வழக்கத்தில் எதுவும் இல்லை.

கிரியேட்டினின் ரத்தத்தில் இருக்கும் ஒரு கழிவுப்பொருள்; அதன் அளவு, சிறுநீரகம் வடிகட்டும் திறனை மட்டும்தான் காட்டும். ஓரிடத்தில் கட்டி இருந்தாலும் மீதித் திசு வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அப்படி ஒரு பரிசோதனைக்கான தேடல் நடக்காமல் இல்லை. சிறுநீரகப் புற்றுநோயில் பரவலாகக் காணப்படும் தெளிசெல் (clear cell) வகையில் பெரும்பாலும் விஎச்எல் என்ற மரபணு செயலிழந்திருக்கும். அதனால் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் பற்றாக்குறை வந்ததுபோலவே செல் நடந்துகொள்ளும்; உள்ளே கொழுப்புத் துளிகள் சேரும். அந்தத் துளிகளைப் போர்த்தியிருக்கும் பெரிலிபின்-2, கூடவே அக்குவாபோரின்-1 என்ற இரண்டு புரதங்களும் நோயாளிகளின் சிறுநீரில் கூடுதலாக இருப்பதை 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. ரத்தத்தில் கிம்-1 என்ற புரதம், நோய் கண்டறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே உயர்ந்திருந்ததையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சிறுநீரக நுண்குழாய்கள் வேறு காரணத்தால் காயப்பட்டாலும் கிம்-1 ஏறும். அதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று சொல்ல முடியாது, அங்கேதான் சிக்கல்.

அதனால் 'கேன்சர் பேனல்' என்று ரத்தப் பரிசோதனைத் தொகுப்பை யாராவது விற்றால் பணத்தை வீணாக்காதீர்கள். சிறுநீரியல் மருத்துவரைப் பார்த்து, கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) கொடுத்து எடுக்கும் சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். கான்ட்ராஸ்ட் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய அந்த கிரியேட்டினின் ரிப்போர்ட் உதவும், கையோடு எடுத்துப் போங்கள். இந்த அளவுக் கட்டிகளில் சில புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகளாகவும் இருக்கும். படத்தில் தெளிவாகவில்லை என்றால் பயாப்சி (கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) தேவையா என்று அப்புறம் அவரே சொல்வார்.