வயிற்றைச் சரிசெய்தால் குரல் திரும்புமா?

கேள்வி: வயது 36. குரல்வளையில் பாப்பிலோமா என்று மூன்று வருடத்தில் ஐந்து முறை லேசர் செய்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் குரல் மறுபடி கம்மிவிடுகிறது. குடலில் நல்ல பாக்டீரியா குறைந்ததால்தான் வைரஸ் திரும்பி வருகிறது, குடலைச் சுத்தம் செய்து புரோபயாடிக் சாப்பிடு என்கிறார் நண்பர். செய்யலாமா? எனக்கு நெஞ்செரிச்சலும் உண்டு.

பதில்: குடலைச் சுத்தம் செய்யும் வேலை வேண்டாம். நெஞ்செரிச்சலை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

முதலில் ஒன்று: உங்கள் வைரஸ் திரும்பி வரவில்லை, அது போகவே இல்லை. பாப்பிலோமா என்பது எச்.பி.வி. என்ற வைரஸால் வரும் மரு. அந்த வைரஸ் குடும்பத்தின் 6, 11 ஆகிய இரண்டு வகைகள்தான் பெரும்பாலும் இந்த மருக்களுக்குக் காரணம். குழாய்க் கேமராவில் பார்த்தால் குரல்நாண் மேல் சின்னத் திராட்சைக் கொத்துபோலத் தெரியும். லேசர் அந்தக் கொத்தை எடுத்துவிடும். ஆனால் பக்கத்தில் வழுவழுப்பாக, ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும் சவ்வுக்குள்ளும் வைரஸ் பதுங்கியிருக்கும்.

நண்பர் கதை விடவில்லை. குடல் பாக்டீரியாவை ஆன்டிபயாடிக்கால் குறைத்த எலிகள் ஃப்ளூ வைரஸை எதிர்ப்பதில் பின்தங்கின. சளி, தொண்டை வலி வராமல் தடுப்பதில் புரோபயாடிக்குக்கு ஓரளவு பலன் இருப்பதாக மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2022 தொகுப்பும் சொல்கிறது. ஆனால் அதெல்லாம் வெளியிலிருந்து புதிதாக வரும் வைரஸைப் பற்றிய பேச்சு. உங்களுடையது ஏற்கெனவே குடியேறி, நோய் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாமல் இருக்கப் பழகிவிட்டது. புரோபயாடிக்கால் பாப்பிலோமா நின்றது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

வயிற்றுக்கும் உங்கள் குரல்வளைக்கும் நேரடித் தொடர்பு வேறு வழியில் இருக்கிறது: அமிலம் எதுக்களிப்பது. உணவுக்குழாய் அமிலத்தைக் கொஞ்சம் தாங்கும், குரல்வளைச் சவ்வு தாங்காது. லேசர் செய்த புண்ணில் அது தினமும் பட்டால் ஆறுவது தாமதமாகலாம், தழும்பும் விழலாம். பலருக்கு நெஞ்சு எரியவே எரியாது. காலையில் குரல் கரகரப்பு, ஓயாமல் தொண்டையைக் கனைப்பது, அவ்வளவுதான். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துங்கள் (தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும்). அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தேவையா, எத்தனை வாரம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். இதனால் மரு மறையும் என்று நான் சொல்லவில்லை.

அப்புறம், அடுத்த முறை போகும்போது பெவாசிஸுமாப் ஊசி பற்றிக் கேளுங்கள். மருவுக்குப் போகும் ரத்த நாளங்கள் வளராமல் தடுக்கும் மருந்து அது. எச்.பி.வி. 6, 11-க்கு எதிராக நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் ஒரு மருந்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தது. அறுவை சிகிச்சையோடு சேர்த்து, 12 வாரத்தில் நான்கு ஊசி. சோதனையில் 35 பேரில் 18 பேருக்கு ஒரு வருடம்வரை மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால், அல்லது படுத்தால் மூச்சு முட்டினால், தேதி வாங்கிக் காத்திருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், குரல்வளையில் பாப்பிலோமா இருக்கிறது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.