வடலிக்குள் கிடைத்த காட்டுப்பூனைக் குட்டிகளை வளர்க்கலாமா? வெளிநாட்டிலிருந்து சேர்வல் பூனை எடுப்பிக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கள் வடலிக் காணியில் காவோலை அள்ளும்போது உடம்பில் வரி போட்ட இரண்டு பூனைக்குட்டிகள் கிடந்தன. காட்டுப்பூனைக் குட்டிகள் என்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வளர்க்கலாமா? டுபாயில் இருக்கிற மச்சான் சேர்வல் என்ற பூனையொன்று வாங்கி அனுப்பவா என்று கேட்கிறார். அதற்குச் சட்டம் இடம் தருமா?

பதில்:

முதலில் குட்டிகளின் அலுவலைப் பார்ப்போம். சேர்வலைப் பற்றி ஆறுதலாகக் கதைக்கலாம், குட்டிகளுக்கு இன்றைய இரவுதான் முக்கியம்.

பொழுதுபடும் நேரத்தில், எடுத்த இடத்திலேயே அவற்றைத் திரும்பக் கொண்டுபோய் வையுங்கள். தாய் விட்டுவிட்டுப் போனது என்று நினைக்க வேண்டாம். இரைதேடிப் போன தாய் வரும்வரை குட்டிகள் பல மணித்தியாலம் தனியேதான் கிடக்கும். இடம் பாதுகாப்பில்லை என்று பட்டால் தாய் ஒவ்வொரு குட்டியாகப் பிடரியில் கவ்வி வேறு பற்றைக்கு மாற்றும். ஒன்றைக் கொண்டுபோய் விட்டு மற்றதுக்குத் திரும்பி வருவதற்குள் யாராவது "ஐயோ, தாயில்லாக் குட்டி" என்று தூக்கிவிடுவார்கள். நெல் வெட்டும் காலத்திலும், காணி துப்புரவாக்கிக் காவோலை கொளுத்தும் காலத்திலும் இது அதிகம் நடக்கிறது. நல்ல மனதோடு செய்கிற காரியம்தான், ஆனால் குட்டிக்கு அது தாயிடமிருந்து பறிப்பதாகவே முடிகிறது.

வைக்கிற முறையிலும் கவனம் வேண்டும். விளிம்பு அரையடிக்கு மேல் உயராத கடகமோ மட்டைப் பெட்டியோ போதும். குட்டி ஊர்ந்து போகாது, தாய் எட்டித் தூக்கக்கூடியதாகவும் இருக்கும். அடியில் பழைய பருத்தித் துணி, மேலே வெயிலும் பனியும் படாமல் இரண்டு மூன்று காவோலை. காவோலைக் கும்பி இருந்த இடம் வெட்டையாகிவிட்டால், பத்துப் பன்னிரண்டு அடிக்குள் இருக்கிற பற்றை ஓரம் பாருங்கள். மனித வாசம் பட்டால் தாய் ஏற்காது என்பது பிழையான நம்பிக்கை. கையுறை போடுவது உங்கள் பாதுகாப்புக்கு. பக்கத்தில் பால், சோறு, மீன் ஒன்றும் வைக்கவே கூடாது. தாய் வருவதற்கு முன்னர் எறும்பு வரும், பிறகு நாய் வரும். கண் திறக்காத குட்டியை எறும்புக் கூட்டம் ஓர் இரவிலேயே கொன்றுவிடும்.

தாய் வந்ததா என்று அறிய ரோச் லைற் அடித்துக்கொண்டு காவலிருக்க வேண்டாம், ஆள் இருந்தால் அது வராது. கடகத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு அரித்த மணலைத் தூவி, கையால் தடவி மட்டமாக்கிவிட்டு வாருங்கள். நாய்களைக் கட்டிவையுங்கள். விடியப் போய்ப் பார்த்தால் மணல் சொல்லும்: வட்டமான தடம், நாலு விரல், நகக்கீறல் இல்லை என்றால் பூனையினம். நகம் குத்திய அடையாளத்தோடு சற்று நீண்ட தடம் என்றால் நாய். பூனைத் தடம் இருந்து குட்டியும் இல்லையென்றால் காரியம் சரி. தடமும் இல்லை, குட்டிகள் குளிர்ந்துபோய்க் கிடக்கின்றன, அல்லது உடம்பில் அரிசிமணி போல ஈ முட்டை ஒட்டியிருக்கிறது என்றால் உடனே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

அவர்கள் வரும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் வரிசை முக்கியம். முதலில் சூடு, பிறகுதான் வாய்க்கு ஏதாவது. உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் அங்கேயே புளித்து வயிறு ஊதிச் செத்துவிடும். போத்தலில் சுடுநீர் ஊற்றி, துவாயால் இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். சூடு கூடினால் குட்டி நகர மற்றப் பக்கத்தில் இடம் இருக்க வேண்டும். வயிறு சூடான பிறகு, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு பக்கெற் ஜீவனியைக் கரைத்து, இளஞ்சூட்டில், ஊசி கழற்றிய சிரிஞ்சால் துளித்துளியாக 1 முதல் 2 மில்லிலீற்றர். குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்துக் கொடுத்தால் நீர் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் வரும். தாயிடம் குடிக்கிற மாதிரி வயிறு நிலத்தில் பட, தலை நேராக இருக்க வேண்டும். பசுப்பால் வேண்டாம். அதில் இலக்ரோசு என்ற பாற்சர்க்கரை கூட, புரதம் பூனைப்பாலைவிடக் குறைவு. கழிச்சல் பிடித்து உடம்பு வற்றிவிடும். மூன்று வாரத்துக்குக் குறைந்த குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்குவதுபோல, ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாகத் தடவ வேண்டும். இதற்கு மேல் கொஞ்ச வேண்டாம், பிள்ளைகளை மடியில் வைத்துப் படமெடுக்கவும் விட வேண்டாம்.

உண்மையில் காட்டுப்பூனையா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் குட்டியாக இருக்கும்போது ஊர்ப்பூனையின் வரிக்குட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் காண்பது கடினம். காட்டுப்பூனைக் குட்டியின் வரிகள் வளர வளர மங்கி, பெரியதானதும் உடம்பு மணல் நிறமாகிவிடும். கால்களில் மட்டும் சில கோடுகள் மிஞ்சும். கால் நீளம், வால் கட்டை, வால் நுனியில் கறுப்பு வளையங்கள், காது நுனியில் சின்னதாகக் கறுப்பு மயிர்க்குச்சம். இலங்கையில் இது முக்கியமாக வடக்கின் வரண்ட பற்றைகளிலும் வயலோரங்களிலும் வாழ்கிறது. உடம்பெல்லாம் துருநிறப் பொட்டும் நெற்றியில் நாலு கோடும் இருந்தால் துரும்பன் பூனை. வளர்ந்தாலும் 1.6 கிலோவைத் தாண்டாத, உலகின் மிகச்சிறிய பூனையினங்களில் ஒன்று. கடல்நீரேரி, குளம், சதுப்புப் பக்கம் கண்ட, கட்டையான உடம்பும் வரிசையான கரும்பொட்டும் உள்ளது மீன்பிடிப் பூனை, கொடுப்புலி என்றும் சொல்வார்கள். வீட்டு முகட்டுக்குள் ஓடுகிற கூர்மூஞ்சி மரநாய் பூனையே அல்ல. சிறுத்தையோடு சேர்த்து நாட்டில் காட்டுப் பூனையினம் நாலுதான்.

இந்த நாலுமே 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாலும் 1993, 2009 திருத்தங்களாலும் பாதுகாக்கப்பட்டவை. பலருக்கு இங்கேதான் விளக்கம் பிசகுகிறது: "நாங்கள் பிடிக்கவில்லை, கண்டெடுத்தோம்", "காசுக்கு வாங்கவில்லை", "எங்கள் சொந்தக் காணி" என்பதெல்லாம் நீதவானுக்கு முன்னால் நிற்காது. பிடிப்பதும் கொல்வதும் மட்டுமல்ல, அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். தண்டப்பணமும் உண்டு, சிறையும் உண்டு. விஞ்ஞான ஆய்வு, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்குத் திணைக்களம் அனுமதி கொடுக்க முடியும். ஆசைக்கு வளர்ப்பது அதற்குள் வராது. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தையை அடித்துக் கொன்றபோது, சனம் எடுத்துப் பரப்பிய காணொளிகளே ஆட்களைக் கைது செய்ய வழிகாட்டின. குட்டியோடு படமெடுத்து முகநூலில் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நீங்கள் இன்றே திரும்ப வைத்தாலோ 1992க்கு அறிவித்தாலோ உங்கள் நோக்கம் தெளிவாக இருக்கும். அறிவிக்கும்போது எடுத்த இடம், நாள், நேரம் மூன்றையும் சரியாகச் சொல்லுங்கள். திரும்ப விடுவதற்கு அந்த இடம் தெரிய வேண்டும்.

சட்டத்தை விடுங்கள், வளர்த்தால் என்ன நடக்கும்? வீட்டுப்பூனை ஆபிரிக்கக் காட்டுப்பூனையிலிருந்து ஏறக்குறைய 10,000 ஆண்டுகளாக மனிதரோடு பழகி வந்த சாதி. நீங்கள் எடுத்த குட்டிக்கு அந்தப் பழக்கம் ஒரு நாள்கூடக் கிடையாது. போச்சியில் பால் கொடுத்து வளர்த்தால் பயம் போகுமே தவிரச் சுபாவம் போகாது. முதல் நாலைந்து மாதம் எல்லாரும் மயங்குகிற காலம். மடியில் படுக்கும், விரலைக் கடித்து விளையாடும். பருவம் எட்டும்போது அதே விரல் கடி எலும்புவரை இறங்கும். சாப்பாட்டுக்குக் கிட்டப் போக விடாது. ஆணும் பெண்ணும் சுவர், கதவு, உடுப்பு, கட்டில் எல்லாவற்றிலும் சிறுநீர் பீச்சி எல்லை போடும். நலமெடுத்தால் பீச்சுவது குறையலாம், நிற்கும் என்று சொல்ல முடியாது. நகத்தைப் பிடுங்கிவிடலாம் என்று சிலர் யோசிப்பார்கள். அது நகம் வெட்டுவதல்ல, ஒவ்வொரு விரலின் கடைசிக் கணுவையும் துண்டிப்பது. அதைச் செய்யவே கூடாது.

சாப்பாட்டில்தான் அன்பானவர்களே அதிகம் பிழைவிடுகிறார்கள். கோழி இறைச்சியை எலும்பு நீக்கி, கழுவி, அவித்துக் கொடுப்பார்கள். எலும்பில்லாத இறைச்சியில் கல்சியம் ஒரு பங்கு என்றால் பொசுபரசு பதினைந்து, இருபது பங்கு. வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக, கல்சியம் சற்றுக் கூடவாக வேண்டும். குறையும் கல்சியத்தை உடம்பு குட்டியின் சொந்த எலும்பிலிருந்து உருவி எடுக்கும். சில வாரங்களில் பாய மறுக்கும், தொட்டால் கத்தும், முன்கால் வில்லாக வளையும். கதிரையிலிருந்து குதித்ததில் பச்சைத்தடி முறிவதுபோலத் தொடையெலும்பு வளைந்து முறியும். இடுப்பெலும்பு ஒடுங்கி மலம் போகாமல் தவிக்கும். அடுத்தது ரோறின் என்ற சத்து. பூனையினத்தின் உடம்பு இதைப் போதியளவு தானே உண்டாக்காது, அவித்த நீரைக் கொட்டும்போது அதோடு போய்விடும். குறைந்தால் விழித்திரை அழிந்து குருடாகும், இதயம் வீங்கும். காட்டில் எலியை மயிர், எலும்பு, ஈரலோடு முழுதாக விழுங்குவதால் இந்தக் குறை அதற்கு வருவதே இல்லை. வளர்ந்த காட்டுப்பூனை ஒரு நாளைக்கு 3 முதல் 5 எலி தின்னும். அதை வயலோரத்தில் விட்டுவைப்பது நெல்லுக்கும் நல்லது.

நோய்ப் பக்கமும் சொல்ல வேண்டும். ஊர்ப்பூனையிடமிருந்து பன்லூக்கோபீனியா என்ற குடல்நோய் இவற்றுக்கு எளிதில் தொற்றும். வீட்டுப்பூனைக்குப் போடுகிற, பலவீனப்படுத்திய உயிர்க்கிருமி உள்ள சில தடுப்பூசிகள் காட்டுப் பூனையினத்தில் நோயையே உண்டாக்கக்கூடியவை, ஆகவே கிருமியைச் செயலிழக்கச் செய்த ஊசிதான் வேண்டும். குட்டி உங்களையோ பிள்ளைகளையோ கடித்திருந்தால், கீறியிருந்தால், சின்னக் காயம் என்று விடாதீர்கள். ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே யாழ் போதனா வைத்தியசாலைக்கோ கிட்டிய அரச வைத்தியசாலைக்கோ போய், "காட்டு விலங்கு கடித்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். விசர்நோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். பூனைப்பல் ஊசிபோல ஆழமாக இறங்குவதால் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் ஒரு நாளுக்குள் கை வீங்கிச் சீழ் பிடிக்கலாம்.

இனி மச்சானின் சேர்வல். இது ஆபிரிக்காவின் புல்வெளிப் பூனை. 8 முதல் 18 கிலோ, நின்ற நிலையில் இரண்டரை மீற்றருக்கு மேல் பாயும். வீட்டுப்பூனையைத் தவிரப் பூனைக் குடும்பம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. இலங்கை 1979இல் அதில் சேர்ந்தது. ஆகவே அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி அனுமதிப்பத்திரம், இங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி, தனிமைப்படுத்தல் எல்லாம் வேண்டும். வீட்டில் செல்லமாக வளர்க்க என்று போட்டு அந்த அனுமதி எடுக்கலாம் என்று நம்ப வேண்டாம். ஐக்கிய அரபு இராச்சியமும் 2016இன் 22ஆம் இலக்கச் சட்டத்தால் ஆபத்தான விலங்குகளைத் தனியார் வைத்திருப்பதைத் தடைசெய்துவிட்டது. பயணப்பொதியில் ஒளித்துக் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால், கட்டுநாயக்காவில் பறிமுதலாகும் முன்னரே மூச்சுமுட்டிச் சாகக்கூடியது அந்த உயிர்தான் என்று சொல்லுங்கள்.

"சேர்வல் இல்லை, சவன்னா பூனை" என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது சேர்வலுக்கும் வீட்டுப்பூனைக்கும் பிறந்த கலப்பு. அண்மைய நாலு தலைமுறைக்குள் காட்டு மூதாதை இருந்தால் சைற்றீஸ் அதையும் காட்டுவிலங்காகவே கணக்கெடுக்கும். பிரித்தானியாவில் முதல் தலைமுறைக் கலப்புக்கு ஆபத்தான விலங்குக்கான உரிமம் வேண்டும். அவுஸ்திரேலியா 2008இலிருந்து இறக்குமதியையே நிறுத்திவிட்டது. எத்தனையாம் தலைமுறை என்று எழுத்தில் காட்டாத விற்பனையாளரோடு பேச்சே வேண்டாம். இன்னொன்று, அடைப்பில் சேர்வல் 20 ஆண்டுவரை வாழும். வீட்டில் இளசுகள் ஒவ்வொருவராக கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்க்கொண்டிருக்கிற ஊர் எங்களுடையது. அம்மம்மாவும் அம்மப்பாவும் தனியே 15 கிலோ சேர்வலோடு என்ன செய்வார்கள்?

குட்டிகளை மணலோடு வைத்துவிட்டு வந்ததும், உங்கள் கோழிக்கூட்டையும் ஒருக்கால் பாருங்கள். தாய்ப்பூனை கோழிக்கு வந்து, பொறியிலோ நஞ்சிலோ செத்துப்போனால் குட்டிகள் உண்மையிலேயே அநாதையாகும். சாதாரணக் கோழிவலையைக் காட்டுப்பூனை கிழித்துவிடும். ஒட்டுக்கம்பி வலை, கண் ஒரு அங்குலத்துக்கு மேற்படாதது, மேற்பக்கமும் மூடியது வேண்டும். தோண்டி நுழையாமல் வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கமாக மடியுங்கள். கதவின் கீழ் இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் பலகை அடித்து அடையுங்கள், பொழுதுபட முன்னர் கோழிகளை உள்ளே விடுங்கள். அயலில் திரிகிற ஊர்ப்பூனைகளுக்கு நலமெடுத்துத் தடுப்பூசியும் போடுவித்தால், காட்டுப்பூனையோடு கலந்து அந்த இனம் கெடுவதும் நோய் தொற்றுவதும் குறையும். காவோலை அள்ளுகிற வேலையை இரண்டு கிழமைக்குத் தள்ளிப்போடுங்கள், அதற்குள் தாய் குட்டிகளை வேறு பற்றைக்கு மாற்றிவிடும்.